நரம்பா, காற்றா? குரல் பிறக்கும் இடத்தில் நடப்பவை

ஆண் ஒருவர் இயல்பாகப் பேசும்போது அவருடைய குரல் நாண்கள் இரண்டும் நொடிக்கு 100 முதல் 130 முறை வரை ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. பெண் பேசும்போது இந்த எண்ணிக்கை 200ஐ ஒட்டி இருக்கும். பிறந்த குழந்தை வீறிட்டு அழுதால் 400ஐத் தாண்டும். மேற்கத்திய இசைநாடகத்தில் உச்சத்தில் நிற்கும் பெண்குரலில் 1000க்கு மேலும் போகும். நாமாக இயக்கும் வேறெந்த உறுப்பும் இந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. கைத்தசையை மின்சாரத்தால் நொடிக்கு 50 முறை தூண்டினால் அது ஒவ்வொரு தூண்டலுக்கும் தனித்தனியாகச் சுருங்கி விரிவதில்லை. விடாத ஒரே இறுக்கமாக நின்றுவிடுகிறது. தசைக்கு இயலாத இந்த அசைவு குரல் நாண்களுக்கு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைக்க 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மூளை செய்வதெல்லாம் குரல்வளையை ஒரு நிலையில் கொண்டுபோய் நிறுத்துவதுதான். அதன்பின் அதிர்வை உண்டாக்குபவை நுரையீரலிலிருந்து வரும் காற்றும், அந்தக் காற்றுக்கு இணங்கி நெளியும் மிக மெல்லிய ஒரு படலமும். குரலை நாம் கெடுத்துக்கொள்ளும் வழிகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை அறியாததால் வருபவை என்பது என் எண்ணம்.

குரல்வளை முதலில் பேசுவதற்காக உண்டான உறுப்பு அல்ல. மூச்சுக்குழலின் வாயிலைத் திறந்து மூடும் தடுப்பாகவே அது தொடங்கியது. காற்று போகும் வழியும் சோறு போகும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு செல்கின்றன. அதற்குக் கீழே மூச்சுக்குழல் முன்னாலும் உணவுக்குழல் பின்னாலும் பிரிகின்றன. ஒரு கவளத்தை விழுங்கும் நொடியில் குரல்வளை முழுவதும் மேலெழும்பி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. குரல்வளை மூடி பின்புறம் சாய்கிறது. அதற்குக் கீழே பொய்நாண்கள் நெருங்க, எல்லாவற்றுக்கும் அடியில் மெய்யான குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. சாப்பிட்டுக்கொண்டே பேசும்போது இந்தக் காவல் ஒரு கணம் தவறினால் புரையேறுகிறது. யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று நாம் உச்சந்தலையில் தட்டுவோம். உண்மையில் உயிரைக் காப்பது அந்த இருமல்தான். இருமுவதற்கும் முதலில் நாண்கள் மூட வேண்டும், பிறகு படீரெனத் திறக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவர் மூச்சைப் பிடிப்பதும், பிள்ளை பெறும் தாய் முக்குவதும் இதே மூடலின் துணையோடுதான். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் விக்டர் நீகஸ் பல வகை உயிரினங்களின் குரல்வளைகளை அறுத்து ஒப்பிட்டு 1929ல் வெளியிட்ட பெருநூல், இந்த உறுப்பின் முதல் தொழில் நுரையீரலைக் காப்பதே என்பதை நிலைநாட்டியது.

அதன் கட்டமைப்பில் ஒன்பது குருத்தெலும்புகள் உண்டு. நம் பேச்சுக்கு மூன்றை அறிந்தால் போதும். ஆண்களின் கழுத்தில் முன்தள்ளித் தெரிவது தைராய்டு குருத்தெலும்பு. அதன் இரு தகடுகளும் முன்னால் சந்திக்கும் கோணம் ஆண்களில் ஏறத்தாழ 90 பாகை, பெண்களில் 120. அதற்கு அடியில் முழு வளையமாக கிரிகாய்டு. கிரிகாய்டின் பின்விளிம்பில் இரு சிறு கூம்புகளாக அரிட்டினாய்டுகள். குரல் நாண்களின் முன்முனைகள் தைராய்டின் உட்பக்கம் நடுவில் ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. பின்முனைகள் அரிட்டினாய்டுகளில் ஆளுக்கொன்றாகப் பொருந்தியிருக்கின்றன. அரிட்டினாய்டுகள் நகர்ந்தால் நாண்கள் சேரும், பிரியும். அவற்றைப் பிரிப்பதற்கு ஒரே ஒரு இணைத் தசைதான் இருக்கிறது. இரு பக்கமும் அது செயலிழந்தால் குரல் ஓரளவு இருந்தும் மூச்சு முட்டும்.

1741ல் பாரிஸ் உடற்கூற்றியலாளர் அந்துவான் ஃபெரேன் இறந்தவரின் குரல்வளையை எடுத்து, நாண்களை நெருக்கிப் பிடித்து, மூச்சுக்குழல் வழியாகக் காற்றை ஊதினார். ஒலி எழுந்தது. வயலின் தந்தியைப் போல நாண் அதிர்கிறது, காற்று வில்லாக அதைத் தேய்க்கிறது என்று அவர் விளக்கினார். தந்தி என்ற விளக்கம் பிழை. நாண்கள் அந்தரத்தில் கட்டிய கம்பிகள் அல்ல, சுவரிலிருந்து உட்புறம் துருத்தும் மடிப்புகள். ஆனால் உயிரற்ற குரல்வளையும் காற்று கிடைத்தால் ஒலிக்கும் என்று அவர் காட்டியது மிகப் பெரிய விஷயம். அடுத்த நூற்றாண்டில் பெர்லினில் யோகனஸ் முல்லர் இதே சோதனையை எடைக்கற்களைத் தொங்கவிட்டு அளந்து செய்தார். நாணை இழுத்தால் சுருதி ஏறுகிறது. இழுவையை மாற்றாமல் காற்றழுத்தத்தை மட்டும் கூட்டினாலும் ஏறுகிறது.

உயிருள்ள மனிதரின் நாண்கள் அசைவதைத் தெளிவாகக் கண்டு அறிவியல் உலகுக்கு எழுதியவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். ஸ்பெயினில் பிறந்த மனுவேல் கார்சியா 1854ல் பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட கைப்பிடிக் கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் பாய்ச்சித் தம் நாண்களைத் தாமே பார்த்தார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அந்த ஆய்வு வாசிக்கப்பட்டது. தன் கலையின் கருவியைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்ற ஒரு பாடகரின் பிடிவாதத்திலிருந்து குரல்வளை மருத்துவம் என்ற துறையே கிளைத்தது. கார்சியா நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 1906ல் மறைந்தார்.

இவ்வளவு தெரிந்த பிறகும் 1950ல் ராவுல் ஹுஸ்ஸோன் தம் ஆய்வேட்டில் எல்லாவற்றையும் தலைகீழாக்கும் ஒரு கொள்கையை முன்வைத்தார். ஹுஸ்ஸோன் கணிதம் படித்தவர். 1923ல் மாணவராக இருந்தபோது ஒட்டுத்தாடியுடன் வந்து புது மாணவர்களுக்கு அவர் நிகழ்த்திய போலி விரிவுரையிலிருந்துதான் பூர்பாக்கி என்ற பெயரைப் பின்னாளில் ஒரு புகழ்பெற்ற கணிதக் குழு எடுத்துக்கொண்டது. குரல் பற்றி அவர் சொன்னதோ விளையாட்டல்ல. ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை ஒரு தனித் துடிப்பை நரம்பு வழியாக அனுப்புகிறது. அந்தத் துடிப்பில் நாணின் தசை சுருங்கி வாயில் திறக்கிறது. 200 அதிர்வுக்கு 200 துடிப்பு. காற்று வெறுமனே வெளியேறுகிறது. இதுதான் அவர் கொள்கை. ஒரு நரம்பிழை அத்தனை வேகத்தில் துடிக்குமா என்று கேட்டால், இழைகள் கூட்டங்களாகப் பிரிந்து முறைவைத்துத் துடிக்கின்றன என்றார். மார்புக்குரலுக்கும் தலைக்குரலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கும் அதையே காரணமாக்கினார். பாடகர்கள் பலருக்கு இது பிடித்துப்போனது. குரல் முழுக்க மனத்தின் ஆணைக்குக் கட்டுப்பட்டது என்று கேட்க யாருக்குத்தான் பிடிக்காது? நல்ல கேள்வியிலிருந்து பிறந்த பிழையான விடை அது. அதை மறுக்கும் முயற்சியில்தான் நவீனக் குரலியல் தன் கால்களில் நின்றது என்பதால் ஹுஸ்ஸோனை நான் மதிப்போடுதான் பார்க்கிறேன்.

மறுப்புகள் பல திசைகளிலிருந்து வந்தன. குரல்வளைக்கு வரும் முக்கிய நரம்பு நேராக வருவதில்லை. இடது நரம்பு கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறி வருகிறது. வலது நரம்பு கழுத்தடியில் உள்ள தமனியைச் சுற்றி முன்பே திரும்பிவிடுகிறது. மீன்களின் செவுள் வளைவுகளிலிருந்து வந்த பழைய உடலமைப்பின் மிச்சம் இது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று பல மீட்டர் நீள்கிறது. மனிதரில் இடது பக்கப் பாதை சுமார் 10 சென்டிமீட்டர் கூடுதல். நரம்புத் துடிப்பு நொடிக்கு 50 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் இடது பக்கத்துக்கு 2 மில்லிநொடி தாமதம். நொடிக்கு 250 அதிர்வுள்ள ஒரு சுரத்தில் ஓர் அதிர்வின் நீளமே 4 மில்லிநொடிதான். வலது நாண் திறக்கும்போது இடது நாண் மூட வேண்டியிருக்கும். இடது நரம்பின் இழைகள் சற்றுத் தடித்து வேகமாகக் கடத்தி இதை ஈடுகட்டலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் மற்றச் சான்றுகளுக்கு அப்படி ஒரு பதிலும் இல்லை. நாயின் குரல்வளை நரம்பைத் தூண்டிக்கொண்டே காற்றை நிறுத்தினால் அதிர்வு நின்றது. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டவரின் நரம்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன; காற்று துளை வழியே போய்விடுவதால் குரல் எழுவதில்லை. துளையை விரலால் அடைத்தால் அடுத்த கணமே பேசுகிறார்.

எனக்கு எல்லாவற்றையும்விட வலுவாகத் தோன்றும் சான்று ஜப்பானிய அறுவை மருத்துவர் நோபுஹிகோ இஷிகியிடமிருந்து வந்தது. 1974ல் அவர் வெளியிட்ட முறையில், ஒரு பக்க நரம்பு செத்துப்போய் நாண் ஓரமாகவே நின்றுவிட்டவருக்குத் தைராய்டு குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, வெளியிலிருந்து அந்த நாணை நடுக்கோட்டுக்குத் தள்ளி வைக்கிறார்கள். நரம்பு பிழைப்பதில்லை. தசை அசைவதில்லை. ஆனால் நோயாளி பேசத் தொடங்கியதும் நலமான நாணோடு சேர்ந்து செயலிழந்த நாணும் அதிர்கிறது. சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்ததுதான் செய்த வேலை. மீதியைக் காற்று செய்துவிட்டது.

ஹாலந்தின் கிரோனிங்கன் நகரில் யான்வில்லெம் வான் டென் பெர்க் 1958ல் இந்த வாதத்தைக் கொள்கையாக வகுத்தார். தசையின் நெகிழ்வுத்தன்மையும் காற்றின் ஓட்டமும் சேர்ந்தே அதிர்வை உண்டாக்குகின்றன. நாண்கள் நெருங்கி நிற்கின்றன. கீழே காற்றழுத்தம் கூடுகிறது. பேச்சுக்கு வேண்டிய அழுத்தம் மிகக் குறைவு, 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரளவு. ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழலை அந்த ஆழம் வரை விட்டு ஊதிக் குமிழி வரவழைக்கும் அழுத்தம்தான் அது. அந்த அழுத்தத்தில் நாண்கள் விலகுகின்றன, காற்று பாய்கிறது, நெகிழ்வால் அவை திரும்புகின்றன. பாயும் காற்றின் அழுத்தம் குறைவதால் பெர்னூலி விதிப்படி நாண்கள் உறிஞ்சப்பட்டு மூடுகின்றன என்று இன்றும் பல பாடநூல்கள் எழுதி முடித்துவிடுகின்றன. இந்த விளக்கம் மட்டும் போதாது. திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே அளவு உறிஞ்சல் இருந்தால், ஒரு பாதியில் கிடைத்த ஆற்றல் மறு பாதியில் பறிபோய்விடும். சில அதிர்வுகளில் எல்லாம் அடங்கிவிட வேண்டும்.

அடங்காததன் காரணத்தை 1988ல் இங்கோ டிட்சே கணக்கிட்டுக் காட்டினார். நாணின் விளிம்பு ஒரே கட்டையாக அசைவதில்லை. முதலில் கீழ்விளிம்பு விலகுகிறது, சற்றுப் பிந்தி மேல்விளிம்பு. மூடும்போதும் கீழ்விளிம்பே முந்துகிறது. இதனால் சளிப்படலத்தின் மேல் ஓர் அலை கீழிருந்து மேலாக ஓடுகிறது. திறக்கும் கட்டத்தில் இடைவெளி மேல்நோக்கிக் குறுகுவதால் உள்ளே அழுத்தம் கூடி நாணை வெளியே தள்ளுகிறது. மூடும் கட்டத்தில் இடைவெளி மேல்நோக்கி விரிவதால் அழுத்தம் குறைந்து நாண் உள்ளே வர வழிவிடுகிறது. ஊஞ்சல் போகிற திசையிலேயே போகிற நேரத்திலேயே தள்ளுகிற கையைப் போல, காற்று ஒவ்வொரு சுற்றிலும் அசைவின் திசையிலேயே உதவுகிறது. உராய்வில் இழந்தது ஈடாகிறது. காற்று இருக்கும்வரை அதிர்வு நிற்காது.

அந்த அலை ஓட வேண்டுமென்றால் மேற்பரப்பு அடித்தசையை விட்டு விலகி நழுவ முடிய வேண்டும். ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தில் மினோரு ஹிரானோ 1974ல் நுண்ணோக்கியின் கீழ் நாணைப் படலம் படலமாகப் பிரித்து இதைக் கண்டார். வெளியே மெல்லிய மேல்தோல். அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே தடிமனுள்ள, நார்கள் அதிகம் இல்லாத, நீரைப் பிடித்துவைக்கும் ஓர் அடுக்கு. பிறகு நெகிழ்நார் அடுக்கு. பிறகு உறுதியான கொலாஜன் அடுக்கு. கடைசியில் தசை. முதலிரண்டும் போர்வை, தசை உடல். போர்வை உடலின் மேல் நழுவுகிறது என்பது அவர் விளக்கம். நீர்ப்பிடிப்புள்ள அந்த அடுக்கை ஃபிரீட்ரிஷ் ராய்ங்கே என்ற ஜெர்மானியர் 1895லேயே விவரித்திருந்தார். குரலின் இனிமை, அடைப்பு, கரகரப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஓர் அடுக்கின் நலத்தைப் பொறுத்தது. நெடுங்காலம் புகைப்பவர்களுக்கு இதில் நீர் கோத்து நாண் கனத்துவிடுகிறது. புகைக்கும் பெண்களின் குரல் ஆண்குரல்போல் இறங்குவது அதனால்தான். முன்பெல்லாம் இத்தகைய வீக்கத்துக்கு மேற்படலத்தையே உரித்தெடுத்துவிடுவார்கள். நோய் போகும், அந்த இடத்தில் வடு தசையோடு ஒட்டிக்கொள்ள, அலை ஓட இடமின்றிக் குரலும் போகும். ஹிரானோவுக்குப் பிறகுதான் மேல்தோலை மெதுவாகத் தூக்கி, அடியில் உள்ளதை மட்டும் எடுத்து, தோலைத் திரும்பப் படியவிடும் அறுவை பரவியது. நுண்ணோக்கியில் கண்ட ஓர் உண்மை இவ்வளவு விரைவில் கத்தியின் பாதையை மாற்றிய வரலாறு மருத்துவத்தில் அதிகம் இல்லை.

பிறந்த குழந்தையின் நாணில் இந்த அடுக்குகள் பிரிந்திருப்பதில்லை. ஒன்று முதல் நான்கு வயதுக்குள் நடுவில் நாரிழை உருவாகத் தொடங்கி, பருவமடையும் காலத்தில்தான் மூன்று அடுக்கும் முழுமை பெறுகின்றன. அதே காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பால் தைராய்டு குருத்தெலும்பு முன்தள்ளி, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. இதைத்தான் நம்மூரில் மகரக்கட்டு என்பார்கள். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண்வேடம் கட்டிப் பாடிய சிறுவர்களுக்கு அது வந்த நாளில் வேடமே மாறிவிடும். வளர்ந்த ஆணின் நாண் 17 முதல் 21 மில்லிமீட்டர், பெண்ணின் நாண் 11 முதல் 15.

நீண்ட நாணுக்குத் தாழ்ந்த குரல் என்றால், ஒருவரே மேல் சுரத்துக்குப் போகும்போது நாண் குறுக வேண்டும் அல்லவா? நடப்பது நேர் எதிர். கிரிகாய்டுக்கும் தைராய்டுக்கும் இடையே முன்னால் உள்ள தசை சுருங்க, அந்த இரண்டும் கீலில் திரும்பி நாண் இழுபட்டு நீளுகிறது, சுருதி ஏறுகிறது. இதன் விடை கொலாஜன் நார்களில் இருக்கிறது. கொஞ்சம் நீட்டினாலே அவற்றின் இறுக்கம் பல மடங்காகக் கூடும். நீளம் கூடுவதால் குறையும் அதிர்வெண்ணைவிட இறுக்கம் கூடுவதால் ஏறும் அதிர்வெண் மிக அதிகம். இந்த ஒரு தசைக்கு மட்டும் நரம்பு தனி வழியில், தைராய்டு சுரப்பியின் மேல்முனையை உரசிக்கொண்டு வருகிறது. தைராய்டு அறுவையில் அது அறுபட்டால் அன்றாடப் பேச்சு பெரிதாக மாறாது. மேல் ஸ்தாயி போய்விடும். பாடகருக்கு அது பாதி உயிர் போனதற்குச் சமம்.

நாண்கள் உண்டாக்கும் ஒலி இன்னும் பேச்சல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்குகிறது. தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் அது நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலிகளாகிறது என்கிறது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் மிடற்றில் பிறந்த காற்றால் ஒலிப்பவை என்றும் பிரித்துச் சொல்கிறது. தொல்காப்பியர் குரல் நாண்களை அறிந்திருந்தார் என்று இதை வைத்து உரிமை கொண்டாடுவது சரியாகாது. ஆனால் காற்றில் தொடங்கி, மிடற்றில் ஒலி பெற்று, வாயில் வடிவம் பெறும் அந்த வரிசை சரியானது. உயிரொலியை மிடற்றோடு இணைத்ததும் கூர்ந்த கவனிப்பு. விரல்களைக் குரல்வளைமேல் வைத்துக்கொண்டு ‘பட்டம்’ என்றும் ‘பண்டம்’ என்றும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முதல் சொல்லின் நடுவில் அதிர்வு அறுந்து மறுபடி தொடங்குகிறது. இரண்டாவதில் ‘ண்ட’ முழுவதும் அறாமல் ஓடுகிறது. எழுத்து ஒன்றுதான், ஆனால் முதலதற்காக அரிட்டினாய்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரிந்து சேர்ந்துவிட்டன. நாம் யாரும் கற்றுக்கொள்ளாமலே செய்யும் இந்த நுண்வேலைதான் நரம்பின் மெய்யான பங்கு.

நாண்களிலிருந்து உதடு வரை வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். அந்த வழியின் வடிவம் சில அதிர்வெண்களை வளர்த்து மற்றவற்றை அடக்குகிறது. ஒரே சுருதியில் ‘ஆ’வும் ‘ஈ’யும் வேறாகக் கேட்பது இதனால். ஜப்பானில் சிபாவும் கஜியாமாவும் 1941ல் தொடங்கி வைத்ததை ஸ்வீடனின் குன்னார் ஃபான்ட் 1960ல் முழுக் கொள்கையாக்கினார். ஹீலியத்தை உள்ளிழுத்துப் பேசினால் குரல் கீச்சிடுவது பலரும் கண்டது. லேசான வாயுவில் ஒலி வேகமாகச் செல்வதால் இந்த ஒத்ததிர்வுகள்தாம் மேலேறுகின்றன. நாண்கள் பெரும்பாலும் பழைய வேகத்திலேயே அதிர்கின்றன. பாடகர்களிடம் இதன் உச்சத்தைக் காணலாம். யோகான் சுந்த்பெர்க் 1970களில் காட்டியபடி, மேற்கத்திய இசைநாடகத்தின் ஆண் பாடகர்கள் குரல்வளைக்குச் சற்று மேலே உள்ள குழலைக் குறுக்கி, 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்குகிறார்கள். இசைக்குழுவின் வலிமை 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருப்பதால், ஒலிபெருக்கி இல்லாமலே ஒற்றைக் குரல் அதைத் தாண்டிக் கேட்கிறது. நம் நாடக மேடை வேறு வழியில் சென்றது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கியில்லாத கொட்டகையின் கடைசி வரிசையை எட்டியது மிக உயர்ந்த சுருதியால். உயர்ந்த அதிர்வெண் வாயிலிருந்து எளிதில் பரவும், காதும் அதற்குக் கூர்மையானது. பணிந்து நிற்கும் குரலுக்கும் இசையில் இடம் கிடைத்தது ஒலிவாங்கி வந்த பிறகே என்று எனக்குப் படுகிறது.

நரம்பா காற்றா என்ற வழக்கு விலங்குகளின் பக்கம் அண்மைக்காலம் வரை நீடித்தது. யானையின் உறுமல் 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே, மனிதக் காதுக்கு எட்டாத அளவில் இறங்கும். அந்த வேகம் தசைக்கு எட்டக்கூடியதுதான் என்பதால், யானையாவது தசையைத் துடிக்கவைத்து ஒலியெழுப்புகிறதோ என்ற ஐயம் இருந்தது. 2012ல் வியன்னாவில் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட், டெகம்சே ஃபிட்ச் ஆகியோரின் குழு, இயற்கையாக இறந்த ஒரு யானையின் குரல்வளையில் காற்றைச் செலுத்தியது. மூளையும் நரம்பும் இல்லாத அந்த உறுப்பு அதே ஒலியை எழுப்பியது. 2022ல் கியோட்டோவின் தகேஷி நிஷிமுராவும் மற்றவர்களும் குரங்கினங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து, அவற்றின் நாண் விளிம்பில் இருக்கும் மெல்லிய சவ்வு மனிதரிடம் மட்டும் மறைந்துவிட்டதைக் காட்டினார்கள். சவ்வு இருந்தால் குரல் உரக்க எழும், ஆனால் அடிக்கடி உடைந்து சீர்கெடும். அதை இழந்ததால் நமக்கு நிலையான சுருதி கிடைத்தது.

தொடுதலால் பிறக்கும் ஒலி என்பதால் தேய்மானமும் தொடுதலிலேயே இருக்கிறது. ஆசிரியை ஒருவர் 200 ஹெர்ட்ஸில் பேசுகிறார் என்று கொண்டால், இடைவெளிகளைக் கழித்து ஒரு மணி நேரக் குரலுக்கு 7,20,000 மோதல்கள். கத்தும்போது ஒவ்வொரு மோதலும் கடுமையாகிறது. அதிர்வின் வீச்சு மிகுந்த இடத்தில், நாணின் முன் மூன்றிலொரு பங்கு முடியும் இடத்தில், இரு பக்கமும் காய்ப்புபோல் முடிச்சுகள் எழுகின்றன. ஆசிரியர்களிடமும் பாடகர்களிடமும் கூவி விற்பவர்களிடமும் இவை மிகுதி. நம் பள்ளிகளில் அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், மின்விசிறி இரைச்சலுக்கு மேல் நாள் முழுதும் குரலெழுப்பச் சொல்லிவிட்டு, அதற்கு ஒரு சிறு ஒலிபெருக்கிகூடத் தராமல் இருப்பது எனக்கு வருத்தமும் கோபமும் தருவது. தொண்டை கட்டினால் நாம் நாடும் பனங்கற்கண்டுப் பாலும் அதிமதுரமும் சித்தரத்தையும் தொண்டையின் எரிச்சலைத் தணிக்கும். ஆனால் அவற்றில் ஒரு துளிகூட நாண்களைத் தொடாது. தொட்டால் புரையேறும். விழுங்கிய எதுவும் பின்பக்க வழியில் போய்விடுகிறது. நாணின் மேற்பரப்பை நேரே எட்டுவது மூச்சோடு போகும் ஈரம்தான். குடிக்கும் நீர் இரத்தம் வழியாக, மெதுவாகத்தான் போய்ச் சேரும். வீங்கிய படலத்துக்கு முதல் மருந்து மோதலைக் குறைப்பது. உறிஞ்சுகுழலை நீரில் விட்டுக் குமிழியெழ ஒலியெழுப்பும் பயிற்சியைக் குரல் சிகிச்சையாளர்கள் தருவதும் இதற்காகவே. நாண்களுக்கு மேலே எழும் எதிரழுத்தம் அவற்றை மென்மையாகத் தொடவைக்கிறது. கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால், அதிலும் புகைப்பவராக இருந்தால், நாண்களை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் பார்க்கும்போது படலத்தின் அலை ஓரிடத்தில் ஓடாமல் நின்றால், அங்கே ஏதோ தசையோடு ஒட்டி வளர்கிறது என்ற முன்னெச்சரிக்கை அது.

புற்றுநோய் முற்றிக் குரல்வளை முழுவதையும் எடுக்க நேர்ந்தவர்களும் இன்று பேசுகிறார்கள். வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1873ல் முதன்முதலாக ஒரு குரல்வளையை முற்றாக அகற்றினார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து அமெரிக்காவில் மார்க் சிங்கரும் எரிக் புளோமும் மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே ஒரு வழித் தடுப்பிதழ் ஒன்றைப் பொருத்தினார்கள். கழுத்துத் துளையை விரலால் அடைத்தால் நுரையீரலின் காற்று உணவுக்குழலின் மேல்பகுதிக்குப் போகிறது. அங்குள்ள சளிப்படலம் அதிர்ந்து, தாழ்ந்த கரகரத்த குரல் எழுகிறது. குரலுக்காக உண்டாகாத தசை, குரலுக்கு என்று ஒரு நரம்பும் இல்லாத இடம். நெகிழும் ஓரமும் காற்றும் சந்தித்தால் போதும் என்பதால் அதுவும் பேசுகிறது. நாக்கும் உதடும் பழையபடியே சொற்களை வடிக்கின்றன.

2015ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நேதன் வெல்ஹாமின் குழு, மனித நாண்களிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கொலாஜன் தளத்தில் இரண்டு வாரம் வளர்த்துப் படலமாக்கியது. அதை நாயிடமிருந்து எடுத்த குரல்வளையின் ஒரு பக்கம் பொருத்தி, வெதுவெதுப்பான ஈரக்காற்றை ஊதினார்கள். இரு பக்கமும் சேர்ந்து அதிர்ந்தன, படலத்தின் மேல் அலை ஓடியது, ஒலி எழுந்தது. வடுவால் விறைத்த நாண்களுக்கு இத்தகைய படலத்தை மனிதரில் பொருத்துவதற்கு இன்னும் பல படிகள் இருக்கின்றன. உடல் அதை ஏற்குமா என்று எலிகளில் பார்த்ததில் கிடைத்த முடிவுகள் நம்பிக்கையூட்டுபவை.